மூன்றாம் முறை கூப்பிட்டபோது

மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த சலவை உருளைக்குள் ஈரம் இருந்தது.

சுருளியாண்டி கையை வெளியே இழுத்து விரல்களை முகர்ந்தான். சவுக்கார வாசனை. நேற்றுத்தான் துவைத்து முடித்ததுபோல விரல் நுனியில் வழவழப்பு. அண்ணாந்து பார்த்தான்; கூரையில் ஒழுகல் இல்லை, தரை காய்ந்து புழுதியாகக் கிடந்தது. உருளைக்குத் தண்ணீர்க் குழாயை அவன் இன்னும் திறக்கவே இல்லை. எலி மூத்திரமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வேட்டியில் கையைத் துடைத்தான். எலி மூத்திரம் எந்த ஊரில் சவுக்காரமாக மணக்கிறது? அதை மட்டும் அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மாப் பக்கமிருந்து காய்ச்சலோடு வரும் சிப்பாய்களுக்கு, கூடலூர் ரோட்டோரத்து ஆஸ்பத்திரியில் நூறு படுக்கை போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அத்தனை விரிப்பையும் ஆற்றில் கையால் துவைத்து மாளாது. அதனால் சலவைக்காரி ராமுத்தாய் செத்த அன்று பூட்டிய சலவைக்கூடத்தைத் திறந்து, அதே பாய்லர்க்காரனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வந்துவிட்டான்.

மூன்று நாளாகப் பாய்லரோடுதான் கிடந்தான். முதல் நாள் தண்ணீரை விட்டுக் குழாய்களைக் கழுவினான். செம்மண் கரைத்ததுபோலத் துருத் தண்ணீர் கொட்டி, பொழுது சாயும்போதுதான் தெளிந்தது. இரண்டாம் நாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து, நாலு விறகை மட்டும் செருகிச் சின்னத் தீ வைத்தான். எடுத்த எடுப்பில் பெருந்தீ போட்டால் ஆறிக் கிடந்த இரும்பு விரிசல் விட்டுவிடும். இன்று காலை சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்தான், சீறியது. தண்டுகளுக்கு எண்ணெய் விட்டான். பெல்ட்டை வெறும் சக்கரத்தில் ஓடவிட்டான். எல்லாம் சரி. உருளை ஒன்றுதான் பாக்கி.

அது பெரிய உருளை, ஆள் படுத்துப் புரளலாம். உள்ளும் புறமும் பித்தளை, அதனால் துரு இல்லை. ஆனால் பழைய நூலும் பாசியும் ஓட்டைகளை அடைத்துக் கிடந்தன. உள்ளே போய்ச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். கதவு குறுகல். மெலிந்த உடம்புக்காரிதான் நுழைய முடியும்.

அப்படி ஒருத்தியை ஆஸ்பத்திரி நர்ஸ் சாராள் சிஸ்டர் அனுப்பியிருந்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாளியோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். பூமாரி. ராமுத்தாயின் தங்கை. அதே நடை, அதே குரல். அக்காள் மட்டும் காது வடித்துத் தண்டட்டி போட்டிருந்தாள். இவள் காதில் சின்னக் கம்மல்.

"வேற ஆளு கெடைக்கலையாமா?" என்றான்.

"யாரும் வரமாட்டேன்னுட்டாக. நாந்தான் வாரேன்னேன்." அவள் உருளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒண்ணு கேக்கணும்ணே. அன்னைக்கு எங்கக்காவ எத்தன தடவ கூப்பிட்டீக?"

சுவரில் பலகை இன்னும் தொங்கியது. ஓட்டுவதற்கு முன் உள்ளே ஆள் உண்டா என்று மூன்று முறை கூப்பிடவும். பெரிய டாக்டர் எழுதி மாட்டியது.

"மூணு தடவ," என்றான் சுருளியாண்டி. போலீசுக்கும் அதையேதான் சொன்னான், டாக்டருக்கும் அதையேதான் சொன்னான்.

"மூணுன்னா பதில் சொல்லியிருப்பாளேண்ணே." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைச் சுட்டது. "ஆள் தெரியாம கூப்பிட்டா மொத ரெண்டு தடவைக்கு வாயத் தெறக்கக் கூடாது, பேயி ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுன்னு எங்காத்தா அடிச்சு வளத்தது. அந்த இருட்டுக்குள்ள இருந்துக்கிட்டு மூணாவதுக்காகத்தான் காத்திருந்திருப்பா."

அவனையும் அப்படித்தான் வளர்த்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரைத்தான் அப்படி வளர்க்கவில்லை? தெரிந்திருந்தும் அன்று இரண்டோடு நிறுத்தினான். பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன் ஒரு ஓட்டம் முடித்துவிட்டால் சாப்பிடப் போகலாம். பசி. வெறும் பசி, அவ்வளவுதான். ஓட்டம் முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளே கிடந்த ராமுத்தாயின் இடது காதில் தண்டட்டி இல்லை, காதின் கீழ்ப்பாதியும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "அந்தப் பேச்ச விடு, ஆத்தா," என்றான். "இன்னைக்கு நான் மூணு தடவ கூப்பிடாம கைய வைக்கமாட்டேன். எம்புள்ளைக மேல சத்தியம்." அதை மெய்யாகவே சொன்னான்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

பகல்தான். ஆனாலும் குமுளி மலையிலிருந்து மேகம் இறங்கி, சாரலும் காற்றும் தகரக் கதவை ஓயாமல் தட்டி, விளக்கேற்றலாமா என்கிற அளவுக்கு இருட்டிவிட்டது. விறகின் புகையும் சூடேறிய எண்ணெயும் மூன்று வருஷத்துப் பூஞ்சையும் கலந்து மூச்சை அடைக்க, பித்தளைக்குள் பூமாரியின் தேங்காய் நார் தேய்க்கும் சத்தம் கர்ரு கர்ரு என்று கேட்டது. அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் அவனுக்குத் தெம்பாக இருந்தது. அடுப்புக்கு விறகு தள்ளக் குனிந்தான். நிமிர்ந்தபோது சத்தம் நின்றிருந்தது.

உருளையின் பக்கமிருந்து, தலையில் துணி கட்டிய உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றது.

"முடிஞ்சிருச்சா புள்ள?" என்று கத்தினான். காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து சாராள் சிஸ்டர் குரல் கொடுத்தாள். "சுருளியாண்டி! சிப்பாய்க லாரி கம்பம் ஊரத் தாண்டிருச்சாம். இன்னும் என்ன பண்ற?"

"இந்தா ஆச்சும்மா!"

உருளையை ஓட்டிப் பார்க்கப் பிடியருகே வந்தான். பூமாரி வெளியே நிற்கிறாள், கண்ணால் பார்த்தாயிற்று. கூப்பிடவே வேண்டியதில்லை. ஆனால் சத்தியம் செய்திருக்கிறான்.

"உள்ள ஆரும் இருக்கீகளா?"

பாய்லர் முனகியது. பதில் இல்லை.

"உள்ள ஆரும் இருக்கீகளா?"

இல்லை.

மூன்றாவது பாக்கி இருந்தது. மூன்று வருஷமாக அவன் சொல்லாமல் வைத்திருந்த மூன்றாவது. உள்ளே ஈரம். சவுக்கார வாசனை. வெளியே சேலை நனைந்தவள் அசையாமல் நிற்கிறாள். கூப்பிட்டான்.

"உள்ள ஆரும் இருக்கீகளா?"

"இருக்கேண்ணே."

உருளைக்குள்ளிருந்து. பக்கத்தில். ராமுத்தாயின் குரல்.

"இருக்கேண்ணே. இன்னும் கொஞ்சந்தான்."

எட்டிப் பார்த்தால் போதும். ஒரே ஒரு தடவை குனிந்தால் போதும். குனிய மாட்டான். அந்தக் காதைப் பார்க்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தடவி உள்கதவை அறைந்தான். தாழ். வெளிக்கதவு. தாழ்.

"நீ செத்துட்ட ஆத்தா," என்று அழுதான். "நாந்தான் கொன்னேன். ரெண்டு தடவதான் கூப்பிட்டேன். என்னைய விட்டுரு."

உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உருளை ஓடினால் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். அது ஒன்றுதான் மனசில் இருந்தது. தண்ணீரைத் திறந்தான். நீராவியைத் திறந்தான். பிடியைத் தள்ளினான்.

பெல்ட் ஏறியது. உருளை சுற்றியது. வாளி ஒன்று உள்ளே உருண்டது.

வாளி.

வெளியே நிற்பவள் கையில் வாளி இல்லை.

வாசலைப் பார்த்தான். தொட்டியருகே இருந்தவள் இப்போது நிலைப்படியில் நின்றாள். தலைத்துணியை அவிழ்த்தாள். வலது காதில் தண்டட்டி ஆடியது. இடது காதின் கீழ்ப்பாதி இல்லை.

"இந்தத் தடவ மூணு வாட்டி கூப்பிட்டீகண்ணே," என்றாள். "அவளும் பதில் சொன்னாள்ல."

பிடியை இழுத்தான். இரண்டு கையாலும் தொங்கி இழுத்தான். பெல்ட் கழன்று தரையில் விழுந்தது.

உருளை நிற்கவில்லை.

அவன் காலடி வடிகாலில் தண்ணீர் வந்தது. முதலில் நுரை. பிறகு சிவப்பு. துருதான், துருதான் என்று சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். பித்தளை துருப்பிடிக்காது.