செஞ்சம்பாவின் சபதம்

அந்தி மயங்கும் வேளை. பொருநையாற்றின் மேல் நிலா ஏறிக்கொண்டிருந்தது. அதன் வெள்ளியொளியில், நாணல்களுக்கு அப்பால் விரிந்து கிடந்த பகைவரின் பாசறை திருவிழாக் கூட்டம் போலத் தோன்றியது. ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அக்காட்சியை ரசிக்கும் நிலையில் காரிநங்கை இல்லை. புன்னைக்கோட்டையின் களஞ்சியத் தலைவியான அவளுடைய நெஞ்சு உலையாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

கோட்டை வீழ்ந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வென்ற வடநாட்டுத் தளபதி வீமதேவன் கேட்ட திறையைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் பொன் கேட்கவில்லை. வெள்ளத்தில் கழுத்தளவு மூழ்கினாலும் சாயாத அந்நாட்டுச் செஞ்சம்பாவின் விதை முழுவதையும் கேட்டான். இனித் தன் அரசனிடம் கையேந்தித்தான் பொருநைக்கரையார் விதைக்க வேண்டும் என்றான். அதைவிடக் கொடுமை, களஞ்சியத்தைத் திறந்து மூட்டைகளைப் பாசறைக்குக் கொண்டுவந்தவன் எயினன் பூதி. கோட்டைக் காவலன், அவளை மணக்க நாள் குறித்திருந்தவன்.

விதைநெல் கைமாறும்போது, கொடுப்பவள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து வாழ்த்துவது அந்நாட்டு வழக்கம். அதற்காகவே அவளைப் பாசறைக்கு அழைத்துவந்து மூட்டைகளின் முன் நிறுத்தியிருந்தார்கள்.

"வாழ்த்தாவிட்டால் எங்கள் மண்ணில் முளைக்காதாமே, அம்மணி? உம் காவலர்தாம் சொன்னார்" என்று வீமதேவன் சிரித்தான்.

"சொல்லியிருப்பார். நாட்டை விற்றவருக்கு வழக்கம் மட்டும் மறக்கவில்லை போலும்."

உமியை நீக்கிக் கடித்தாள். மாவாய் உடைய வேண்டிய மணி, கண்ணாடித் துண்டைப் போல நொறுங்கியது. அவித்து உலர்த்திய நெல்! அது எந்த மண்ணிலும் முளைக்காது. உமிக்குள் மறைந்திருக்கும் புழுங்கலை, கோதுமை தின்று வளர்ந்தவன் எப்படி அறிவான்?

'நன்றாக விளையட்டும்' என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு கை நிறைய நெல்லை அள்ளிப் பூதியின் முகத்தில் வீசி, அவன் மார்புக் கவசத்தைப் பற்றி உலுக்கினாள். வீரர்கள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். அந்த இரைச்சலில் அவன் முணுமுணுத்தான்.

"உண்மையான விதை மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நங்கை. விடிவதற்குள் நானும் அங்கே போய்விடுவேன்."

"என்னிடம் ஏன் மறைத்தீர்?"

"உமக்குப் பொய்க்கோபம் வராதே."

அந்தப் பதில் அவள் கோபத்தை இரட்டிப்பாக்கியது. இம்முறை அது முழுவதும் அவன்மேல்.

"கேளும், தளபதியாரே. எங்கள் வயலில் செஞ்சம்பா மறுபடி கதிர்விடும் நாளில், இவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஊரறியப் பதில் கேட்பேன். அதுவரை நெற்சோறு தொடமாட்டேன். இது பொருநைமேல் ஆணை!"

விதை முழுவதும் தன் கையில் என்று எண்ணிய வீமதேவன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, மூட்டைகளை வண்டிகளில் ஏற்றச் சொன்னான்.