பெயருக்கு விட்ட இடம்

அந்த இடத்தில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. கலைச்செல்வனே கம்ப்யூட்டரில் வெட்டி வெறுமையாக்கிய இடம் அது. "நமது ஊரைச் சேர்ந்த" என்பதற்கும் "அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதற்கும் நடுவில், செத்தவரின் பெயரைச் சொல்வதற்காக விட்டது. அன்று காலை ரத்தினம்மாளின் பெயரை அதில் சொல்லப் போன நேரத்தில், யாரோ பேசுவதற்கு முன்னால் உதட்டைப் பிரிப்பதுபோல் ஒரு சின்ன ஈரச் சத்தம் ஹெட்போனில் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெயரைச் சொல்லி முடித்து, சி.டி.யை அனுப்பிவிட்டான்.

கடைத் திறப்பு, காதுகுத்து, ஆடித் தள்ளுபடி, சாவு என்று அரியலூரில் ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லுகிற எதுவானாலும் கலைச்செல்வனின் குரல்தான். வீட்டின் பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கதவின் உள்பக்கம் பழைய தேங்காய்நார் மெத்தையை ஆணியடித்து மாட்டி, அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தெருமுனையில் உறுமிக்கொண்டு போகிற ஊரில் ஒரு வரி சுத்தமாகப் பதிவு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, மெத்தை நாரின் மக்கல் வாடையும் தன் வியர்வை வாடையும் கலந்த அந்தப் புழுக்கத்தில்தான் பேச வேண்டும்.

சாவுக்கு வருகிறவர்கள் அவசரமாக வருவார்கள். அதற்காகவே இரங்கல் செய்தியை ஒரே ஒருமுறை நன்றாகப் பேசி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, 'அச்சு' என்று பெயர் போட்டு வைத்திருந்தான். ஆள் வந்ததும் அச்சை ஹெட்போனில் ஓடவிட்டு, இடம் வரும்போது பெயரைச் சொன்னால் போதும். அவன் அப்பா சாமிதுரை ஊர் ஊராக நடந்து சாவு சொல்லப் போனவர். வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும் என்றிருந்த காலம் அது. மகனின் குரலோ இப்போது யாரையும் கேட்காமல் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. அதில் கலைச்செல்வனுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஆனால் சாமிதுரை பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. மகன் சாவை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருந்தான்.

மத்தியானம் ஆட்டோக்கார முருகையன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, என்னண்ணே ஒரு சி.டி.க்குள்ள ரெண்டு பேரைப் போட்டுட்டீங்க? ரத்தினம்மாள்னு நீங்க கத்துறீங்க, அடியில சன்னமா அரியமுத்துன்னு கேக்குது. டீக்கடை அரியமுத்து அண்ணன் வெளிய வந்து, 'ஏண்டா, உசுரோட இருக்கயிலயே என்னையத் தூக்குறீங்களா'ன்னு ஒரே சிரிப்பு."

மறுநாள் விடிந்தபோது அரியமுத்து பாய்லர் பக்கத்தில் விழுந்து கிடந்தார். செய்தி போடச் சொல்லி அவருடைய ஆட்கள் வந்தார்கள். கரண்டு இல்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினான் கலைச்செல்வன். அப்புறம் திண்டாடித் திண்டாடி ஒரு காரணம் கண்டுபிடித்தான். அரியமுத்துவின் கடைத் திறப்புக்கு அவன்தானே பேசினான்! அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் எங்கேயோ திறந்து கிடந்திருக்கும். அவனுடைய ஹெட்போன் ரெண்டு பஞ்சு வட்டை மட்டும் வைத்த மலிவுச் சரக்கு. காதில் ஓடுவதெல்லாம் வெளியே கசியும். கசிந்ததை மைக் பிடித்திருக்கிறது. மனுசன் செத்தது அவர் நேரம். அவ்வளவுதான்.

அவன் மனைவி மலர்க்கொடியிடம் அது எடுபடவில்லை.

"ஆளு சாவறதுக்கு முன்னாடியே சாவைச் சொல்லி வூட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க. எடத்தைக் காலியா வெச்சா எதாச்சும் வந்து ஒக்காராதா? அதை அழிச்சுத் தொலைங்க."

"கசிவுடி அது. பெரம்பலூரு போயி மூடின ஹெட்போன் ஒண்ணு வாங்கியாந்தா சரியாப் போயிரும்."

"மூடினதா? அதை மாட்டிக்கிட்டா பாப்பா கத்துனாக்கூட உங்களுக்குக் கேக்காதே. அதுக்கு முன்ன பின்னாடி தண்ணித் தொட்டிக்கு ஒரு மூடி வாங்கியாங்க. எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கிறா."

பாப்பா என்பது ஜோதி. ஒண்ணாம் வகுப்பு. கோயில் கோயிலாக அலைந்து, கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினாலே கலைச்செல்வன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நஜீமுதீன் பாயின் கடை. சவூதியில் சவுண்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு சொந்த ஊரான லெப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பி வந்தவர். மூன்று ஹெட்போன்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"இது பாட்டுக் கேக்க ஜோரா இருக்கும், ஆனா பின்னாடி சல்லடை. கசியும். வாணாம். இது மூடினதுதான், ஆனா மெத்தை கெட்டி. ஒரு மணி நேரத்துல காது வெந்துரும், நம்ம ஊரு வெயிலுக்கு ஆவாது. இதைப் பாருங்க தம்பி. பெரிய பேரெல்லாம் இல்ல, ஆனா காதை முழுசா மூடும், வயரு தனியாக் கழலும், அத்துப்போனா வேற போட்டுக்கலாம்."

பாட்டை உரக்க வைத்து, காதை மூடும் இரண்டு கிண்ணங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து அவன் முகத்துக்கு அருகில் நீட்டினார். ஒரு முணுமுணுப்புக்கூட வெளியே வரவில்லை. கலைச்செல்வன் வாங்கி மாட்டிக்கொண்டான். பஸ் ஹாரன், கடைத்தெரு இரைச்சல், எல்லாம் கதவைச் சாத்தியதுபோல் நின்றது. பாயின் வாய் மட்டும் அசைந்தது. கழற்றியபோது கடைசி வார்த்தைகள் காதில் விழுந்தன.

"...உள்ள உள்ளது வெளிய போவாது, வெளிய உள்ளது உள்ள வராது. இனிமே நீங்க கேக்குறது எதுவோ, அது உள்ளயேதான் இருக்குன்னு அர்த்தம்."

சந்தோஷமாகக் கையில் பெட்டியோடு பஸ் ஏறினான். தொட்டி மூடி ஞாபகம் வந்தபோது பஸ் அரியலூருக்குள் நுழைந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மைக்கின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அச்சை மட்டும் ஓடவிட்டான். மைக்கே இல்லை என்றால் கசிவு எங்கிருந்து வரும்? கிண்ணங்கள் காதைக் கவ்வின. தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல் முதலில் கேட்டது, பிறகு தன் எச்சிலை விழுங்கும் சத்தம், பிறகு அவன் குரல், கம்பீரமாக, பிசிறில்லாமல்: "நமது ஊரைச் சேர்ந்த". இடம் வந்தது. உதடு பிரிந்தது. மூச்சு ஒன்று உள்ளே இழுக்கப்பட்டது. அவனுடைய மூச்சுதான், அவன் பேசுவதற்கு முன்னால் இழுக்கிற அதே மூச்சு. பிறகு அவனுடைய குரலே, அவன் ஒருநாளும் பேசாத பேச்சைப் பேசியது.

"திருமதி வீராயி."

பிடுங்கி எறிந்தான். அச்சை அழித்தான். அழித்ததைத் தேடி இன்னொரு தடவையும் அழித்தான். பின்பக்கம் ஓடி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு வீராயி சாவகாசமாகப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா கலை, பேயைப் பாத்தவனாட்டம் நிக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஒடம்பு நல்லாருக்கா?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன். ஒம் மவளப் பாரு, தொட்டியில கப்பல் வுட்டுக்கிட்டு நிக்கிறா."

அன்றைக்கு ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான். அச்சை அழித்தாயிற்று, இனி உட்கார இடமில்லை. காலையில் பக்கத்து வீட்டிலிருந்து எழுந்த அழுகையில்தான் விழித்தான்.

வீராயியின் மகன் வந்து நின்றான். இந்த முறை பொய் சொல்ல முடியவில்லை. ஜோதியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் வீராயி. மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"அவங்களுக்குச் சொல்லலன்னா நாம மனுசங்களே இல்ல. சொல்லுங்க. நான் போயி பொணத்துக்கிட்ட ஒக்காந்துட்டு வரேன். புள்ளைய எழவு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. பாத்துக்குங்க. அந்த மூடினதை மட்டும் மாட்டிக்காதீங்க, ஏங்க."

"சரி சரி. ஒரு நிமிசம், முடிஞ்சிரும்."

ஜோதியைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன் பின்னலில் அப்படியே இருந்தது. கையில் காகிதக் கப்பல்.

"பாப்பா, இங்கயே ஒக்காரு. எங்கயும் போவாத. எதாச்சும்னா கதவைத் தட்டு, என்ன?"

"எப்பிடித் தட்டணும்ப்பா?"

"மூணு தட்டு தட்டு. அப்பா வந்துருவேன்."

அவள் தலையாட்டினாள். அவன் கதவைச் சாத்தினான். மெத்தை கதவு நிலையோடு அழுந்தியது.

ஹெட்போனைத் தொடாமலேதான் உட்கார்ந்தான். மைக்கைச் செருகினான். வாயைத் திறந்தான், மூடினான். கேட்காமல் பதிவு செய்தால் அடியில் என்ன போகும் என்று எப்படித் தெரியும்? அது தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போன பிறகா தெரிந்துகொள்வது? கேட்டுக்கொண்டேதான் பேச வேண்டும். தப்பாக ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தலாம். மாட்டிக்கொண்டான். உலகம் அடைந்தது.

இடமே விடக் கூடாது. மூச்சு விடாமல் சொல்லிவிட வேண்டும்.

"அரியலூர் நகர்வாழ் பொதுமக்களுக்கு ஒரு துயரச் செய்தி நமது ஊரைச் சேர்ந்த திருமதி வீராயி அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..."

இருந்த மூச்சு தீர்ந்தது. மூச்சு இழுத்தான். அரை நொடிகூட இருக்காது.

அந்த அரை நொடிக்குள், உதடு பிரிந்தது.

அவன் வாய் மூடியிருந்தது. ஹெட்போனில் அவன் குரல் தொடங்கியது. நிதானமாக. கனிவாக. சின்ன வயசுச் சாவுக்கு மட்டும் அவன் வைத்துக்கொள்ளும் குரல்.

"நமது ஊரைச் சேர்ந்த..."

நின்றது. இடம் விட்டது. அந்த இடம் நீண்டுகொண்டே போனது. டீக்கடை, பக்கத்து வீடு, அடுத்தது இந்த வீடுதான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. மலரா? இல்லை, அய்யோ, இல்லை. அவளா?

உள்ளே, வெகு தூரத்தில், ஏதோ கேட்டது.

டொக்.

டொக் டொக்.

பிறகு மிக மெல்லிய குரல். "...ப்பா."

அதுதான். அதுதான் வருகிறது. பிள்ளையின் குரலை எடுத்துக்கொண்டு வருகிறது. விடமாட்டேன். கண்ணை இறுக மூடினான். கிண்ணங்களை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினான். அந்த மெல்லிய குரல் கேட்காதபடி, அந்த இடம் முழுக்க நிரம்பும்படி, தொண்டை கிழியக் கத்தினான்.

"கலைச்செல்வன்! நமது ஊரைச் சேர்ந்த கலைச்செல்வன்! கலைச்செல்வன்!"

என்னை எடுத்துக்கொள். என் பெயரை வைத்துக்கொள்.

அமைதி.

தட்டும் சத்தம் இல்லை. குரல் இல்லை. அவன் உயிரோடுதான் இருந்தான். நெஞ்சு அடித்தது. வியர்வை கண்ணில் எரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான், சிரிப்புகூட வந்தது.

அப்போது அவன் குரல், அவன் தந்த பெயரை எடுத்து, எல்லாப் பிள்ளைகளின் சாவையும் சொல்லும் முறைப்படி, முதலில் தகப்பன் பெயராக வைத்தது.

"நமது ஊரைச் சேர்ந்த கலைச்செல்வன் அவர்களின் அன்பு மகள்..."

ஹெட்போனைப் பிய்த்து மேசையில் போட்டான். கதவைத் திறந்தான்.

வாசலில் ஜோதி இல்லை. நனைந்த காகிதக் கப்பல் ஒன்று, மடிப்பு விட்டுப்போய், கதவடியில் கிடந்தது. பிரிந்ததைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறாள். கதவின் மரத்தில், அவள் கை எட்டும் உயரத்தில், ஈர விரல்களின் தடம். மூன்று இடத்தில்.

பின்கதவு திறந்திருந்தது.

"பாப்பா."

பக்கத்து வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அதில் மலர்க்கொடியின் குரலும் இருந்தது. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தொட்டியின் விளிம்பில் ஒரு செருப்பு. தண்ணீர் இப்போதுதான் அசைவதை நிறுத்திக்கொண்டிருந்தது. மேலே சிவப்பு ரிப்பனின் ஒரு முனை மெதுவாகச் சுற்றியது. மற்ற முனை கீழே எங்கேயோ கட்டியிருந்தது.

அவனுக்குப் பின்னால், முட்டை அட்டை அறையில், மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, ஒரு முணுமுணுப்புக்கூட வெளியே வராத அந்த மூடிய கிண்ணங்களிலிருந்து, அவன் குரல் முற்றம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"...கலைச்செல்வன் அவர்களின் அன்பு மகள்..."

நின்றது. மகளின் பெயரை அவன் சொல்வதற்காக, இடம் விட்டுக் காத்திருந்தது.