குடிலில் ஓர் ஆள் அதிகம்

ஒரு பொம்மை குறைகிறது, ஆட்டுக்குக் கால் உடைந்திருக்கிறது என்றுதான் வாங்கியவர்கள் எழுதுவார்கள். அன்று காலை லீமாவின் போனில் வந்திருந்தது வேறு மாதிரி. ‘குடில் செட்டில் ஒரு பொம்மை கூடுதலாக இருந்தது, நன்றி’ என்று கோயம்புத்தூரிலிருந்து யாரோ எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார்கள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், மூடிப்போன ஒரு ஜாடிக் கம்பெனியின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, லீமா ஆன்லைனில் பீங்கான் சாமான் விற்றுவந்தாள். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்தான். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், இரண்டு இடையர்கள், ஆடு, மாடு, சிறகு விரித்த சம்மனசு. பதினோரு பொம்மை ஒரு பெட்டி. பக்கத்துச் சந்தில் யூனிட் வைத்திருந்த கோவிந்தராசு அச்சில் வார்த்து, சுட்டு, வர்ணம் தீட்டி அனுப்புவார். லீமாவும் அவளிடம் வேலைக்கு வரும் பூங்கோதையும் அவற்றை வைக்கோலில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி ரேக்கில் ஏற்றுவார்கள். எத்தனை பெட்டி ஏறியது, எத்தனை இறங்கியது என்பது லீமாவுக்கு மனப்பாடம். தன் கையை மீறி ஒரு பொம்மை கூடுதலாகப் போக வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டு, ரேக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பிரித்தாள்.

சம்மனசுக்குப் பின்னால், வைக்கோலுக்குள் முகம் புதைத்து, பன்னிரண்டாவதாக ஒன்று கிடந்தது.

வர்ணம் பூசாத வெள்ளைப் பொம்மை. மடித்துக் கட்டிய லுங்கி, திறந்த மார்பு. அனலுக்கு முகத்தை மறைப்பவனைப்போல ஒரு கையைத் தூக்கியிருந்தான்.

“இது நம்ம அச்சு இல்லியேக்கா,” என்று பூங்கோதை சிரித்தாள். “மாட்டுத்தொழுவத்துல லுங்கி கட்டிக்கிட்டு இவன் யாரு?”

லீமா சிரிக்கவில்லை. இன்னொரு பெட்டியைப் பிரித்தாள். பிறகு இன்னொன்றை. அவள் கையால் ஒட்டிய டேப் எதிலும் கிழியாமல் இருந்தது. எல்லாவற்றிலும் அவன் இருந்தான். வெளியே நாள்கணக்காக விடாத மழையில் அட்டையும் வைக்கோலும் ஊறி, ஈரச் சாக்கு நாற்றம் கொட்டகையை நிறைத்திருந்தது. எதைத் தொட்டாலும் சில்லென்றிருந்தது. அவன் மட்டும் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தான்.

மதியம் கோவிந்தராசு டீ குடிக்க வந்தார். பொம்மையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது காத்தவராயன்மா. நம்ம சூளை பாக்குறவன்.”

“ஆளை வச்சு அச்சு எடுத்தீங்களாண்ணே?”

“நான் எங்க எடுத்தேன்? அவனே ஒரு வாரமா வரல. ஊருக்குப் போயிருப்பான்னு இருந்தேன். நேத்து அவன் பொண்டாட்டி வந்து, எங்க வூட்டுக்காரர அனுப்புங்கன்னு அழுவுது.” பொம்மையின் தோளை விரலால் தடவினார். “இந்தத் தழும்பு, போன வருஷம் சூளைக் கதவு சுட்டது. இதை எவன் அச்சுல கொண்டாருவான்?”

அச்சில் வார்க்கிற பொம்மை உள்ளே வெறும் கூடு. வேகும்போது காற்று வெளியேற அடியில் ஒரு துளை இருக்கும். கோவிந்தராசு என்ன நினைத்தாரோ, பொம்மையைக் கவிழ்த்து அந்தத் துளையைக் காதில் வைத்தார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்திலிருந்த தசையெல்லாம் மெல்ல இறங்குவதை லீமா பார்த்தாள். பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, டீயைத் தொடாமல், குடையையும் எடுக்காமல், நனைந்துகொண்டே போனார்.

மறுநாள் அவருக்குப் போன் போகவில்லை. லீமா யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தாள். வாசலில் அவருடைய வண்டி நின்றது. உள்ளே அச்சுகள் பாதி ஊற்றியபடி இருந்தன. சூளை எரிந்துகொண்டிருந்தது. கதவின் இடுக்கில் செம்மஞ்சளாய் வெளிச்சம் துடித்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். ஆள் அரவமே இல்லை.

திரும்பி வந்து கொட்டகையில் கால் வைத்தபோது, பூங்கோதை தரையில் பெட்டிகளைத் திறந்து பரப்பி உட்கார்ந்திருந்தாள். காத்தவராயனுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொருவர். தோளில் துண்டு, மூக்கில் இறங்கிய கண்ணாடி, இரண்டு கையாலும் பொத்திய வாய். அந்தப் பொம்மையைத்தான் பூங்கோதை காதில் வைத்திருந்தாள்.

“அக்கா, உள்ளார பேசுறாரு.” அவள் குரல் தூக்கத்தில் பேசுகிறவளின் குரலாக இருந்தது. “சுடுது, சுடுதுங்கிறாரு.”

லீமா அதைப் பிடுங்கி எறிந்தாள். அது வைக்கோல்மேல் விழுந்து உருண்டது.

“கிளம்பு. வூட்டுக்குப் போ. நான் கூப்புடாம வராத.”

“சீசன்ல வேலையை வுட்டா எப்படிக்கா?”

“போன்னு சொல்றேன்ல!”

பூங்கோதை கம்மாபுரம் பஸ்ஸுக்கு நடந்து போவதை லீமா கேட்டருகே நின்று பார்த்தாள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு கையைக் காதில் வைத்தபடியே போனாள்.

அன்றிரவு வீட்டில், போனைத் திறந்து குடில் செட்டின் இருப்பைப் பூஜ்யமாக்கினாள். இனி யாரும் வாங்க முடியாது. போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தாள். போய் எதைக் காட்டுவது? பொம்மையையா? ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்தாள். ஒரு மந்திரமும் முழுதாக நாவில் வரவில்லை. விடிந்து பார்த்தபோது இருப்பு பழையபடி ஏறியிருந்தது. ஆர்டர்கள் வந்து குவிந்திருந்தன. மறுபடி பூஜ்யமாக்கினாள். போன் கையிலிருக்கும்போதே எண் ஏறியது.

எல்லாப் பெட்டியையும் வெளியே இழுத்துப் போட்டு, வைக்கோலோடு கொளுத்திவிடுவது என்று மாலையில் கொட்டகைக்குப் போனாள். மழையில் எதுவும் எரியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. பிக்கப் வண்டி முந்தின லோடை ஏற்றிப்போன தடம் வாசல் சேற்றில் இன்னும் இருந்தது. அந்தப் பெட்டிகள் இந்நேரம் எந்தெந்த ஊரில், யார் யார் வீட்டுக் கூடத்திலோ.

ஸ்விட்சைப் போட்டாள். கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் ரேக்குகள் கூரைவரை நின்றன. நேற்றுத் திறந்து கிடந்த பெட்டிகளெல்லாம் மூடி, டேப் ஒட்டி, ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஓரம் மடித்து ஒட்டிய டேப். பிரிக்கிறவர்களுக்கு நகம் நோகக்கூடாது என்று பூங்கோதை மட்டும்தான் அப்படி ஒட்டுவாள்.

அவளை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு பெட்டியை இறக்கினாள். அட்டை சுட்டது. வைக்கோலை விலக்கினாள். முழங்கையில் டேப் சுருளை மாட்டிக்கொண்டு, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு பெண். வெள்ளையாக. ஒரு கை காதில்.

லீமா அதைக் காதில் வைக்கவில்லை. வைக்க வேண்டியிருக்கவில்லை.

“அக்கா.”

பொம்மை நழுவியது. தரையில் விழுந்து சில்லுசில்லாகச் சிதறியது. உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளைக் கூடு. மழைகூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

பிறகு ரேக்கில். மேலே. கீழே. பின்னால். எல்லாப் பெட்டிக்குள்ளிருந்தும்.

“வலிக்குதுக்கா.”

லீமா வாயைப் பொத்திக்கொண்டாள். எதை உடைப்பது? எதில் அவள் இருக்கிறாள்? எல்லாவற்றிலுமா? பெட்டிகளுக்குள் வைக்கோல் சரசரத்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. முகப்பு வெளிச்சம் கொட்டகைக்குள் நீண்டு விழுந்து அணைந்தது. பூங்கோதையின் புருஷன் பாண்டியன், ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்.

“அக்கா, நேத்து வேலைக்கு வந்தவ வூடு வந்து சேரலக்கா. பஸ்ஸுல பாத்தேங்கிறான் ஒருத்தன், பாக்கலங்கிறான் ஒருத்தன். மங்கலம்பேட்டை, சேத்தியாத்தோப்புன்னு சொந்தக்காரங்க வூடெல்லாம் அலைஞ்சிட்டு வரேன்.” குரல் உடைந்தது. “இங்க இருக்குதாக்கா?”

லீமா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஓடிவிடு என்று சொல்ல வாய் திறந்தாள்.

“இங்கதான்யா இருக்கேன்,” என்றது இருட்டு. ஒரே குரல். ஆயிரம் இடத்திலிருந்து.

பாண்டியனின் முகம் அப்படியே மலர்ந்தது. “அட, இங்கதான் இருக்கியா நீ!” என்று சிரித்து, கண்ணைத் துடைத்து, சாமான் வைத்திருக்கிற இடமாச்சே என்று சேற்றுச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டான். லீமா அவன் ரெயின்கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் அது கையைவிட்டு வழுக்கியது.

“எங்கடி ஒளிஞ்சிருக்க?” என்று கொஞ்சியபடியே அவன் ரேக்குகளுக்கு நடுவே போனான். ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் தூக்கி, குனிந்து, உள்ளே காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனான்.