மகேந்திரனின் பாதி

கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தினேஸ்வரி அழுத்தினாள். லேப்டாப்பின் கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டை ஒரு வரி இறங்கி, விண்டோஸ் என்ற பெயரின் மேல் நின்றது. விரலை எடுத்தாள். பட்டை மெதுவாக மேலே ஏறி, பழைய வரியிலேயே போய் உட்கார்ந்தது.

"தம்பி, அது திரும்ப மேல போவுது."

ஸ்பீக்கரில் போட்டிருந்த கைப்பேசியில் கனகராஜ் சிரித்தான். ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். "மேல போறதுக்கு அது என்னா லிஃப்டா அக்கா? கை பட்டிருக்கும். இன்னொரு தடவை அமுக்குங்க லா."

அழுத்தினாள். இறங்கியது. ஏறியது. பத்து விநாடி முடிந்ததும் லேப்டாப் தானாக மேல் வரியைத் திறந்து, மகேந்திரனின் பெயரைக் காட்டி, பாஸ்வேர்ட் கேட்டது. அவள் புருஷனின் பாஸ்வேர்ட் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

ஒரே லேப்டாப்பை இரண்டாகப் பிரித்து வைத்தவனும் அவன்தான். "உங்க குப்பையெல்லாம் விண்டோஸ் பக்கம் கெடக்கட்டும், என் பக்கம் எவளும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, லினக்ஸ் என்று எதையோ ஏற்றி, அதற்குப் பூட்டும் போட்டிருந்தான்.

இப்போது வேண்டியது விண்டோஸ் பக்கம். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புக்கு மகள் ஷர்மினிக்கு இடம் கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். பாஸ்வேர்ட் அந்தப் பக்கத்தில்தான் சேமித்திருக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால், கடிதம் மகேந்திரனின் ஈமெயிலுக்குப் போகும். ஷர்மினி ஈப்போ பேரங்காடியில் வேலையில் இருக்கிறாள். ஆறு மணி வரை அவள் கைப்பேசி லாக்கருக்குள். "எப்படியாச்சும் தொறந்துருங்கம்மா" என்று காலையில் அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மணி மூன்றரை. செமோரில் இந்தத் தாமான் குடியிருப்பு வீடுகள் எழும்புவதற்கு முன் இங்கே முழுக்க ரப்பர் தோட்டம். வெட்டாமல் விட்ட பத்துப் பன்னிரண்டு மரங்கள் வீட்டுக்குப் பின்னால் இருண்டு நின்றன. வெயில் மங்கி, மழை வரப்போகும் கனத்த காற்றில் இலை மக்கிய வாடை ஜன்னல் வழியாக ஏறி வர, எங்கோ ஒரு ரப்பர்க் காய் வெடித்து, அதன் விதை தகரக் கூரையில் விழுந்து, உருண்டு, விளிம்பில் நின்றது.

"அக்கா, கீபோர்டு பட்டன் ஏதும் மாட்டிக்கிச்சா பாருங்க. சோறு கீறு கொட்டுனீங்களா?"

"சோறா?"

"கொட்டியிருந்தா கமுத்திப் போட்டுத் தட்டுங்க."

கவிழ்த்துத் தட்டினாள். மேசையில் நான்கு பருக்கைகள் விழுந்தன. ஆட்டுக்கறிக் குழம்பு தோய்ந்த சோறு.

எட்டாம் நாள் படையல். அவனுக்குப் பிடித்த கறிப் பிரட்டல், ஸ்டவுட் பீர் பாட்டில், சிகரெட் எல்லாம் வாழை இலையில் வைத்தபோது, நாத்தனார் சரளா இந்த லேப்டாப்பையும் தூக்கி வந்து இலையோரம் வைத்தாள். "அண்ணன் உசிரே இதுலதானே இருந்துச்சி." செத்தவர் தனியாக வந்து சாப்பிடக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியவள் தினேஸ்வரி. இருபது வருஷம் அவனை வேலைக்கு அனுப்பிய வாய், அன்றைக்கும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "போயிட்டு வாங்க."

சரளா அவள் வாயைப் பொத்தினாள். "அய்யோ அண்ணி! செத்தவங்கள யாராச்சும் வரச் சொல்வாங்களா?"

நான்கு நாளாகிறது. பருக்கையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி, நேத்து ஷர்மினிகிட்ட ஒரு பென்டிரைவ் குடுத்தேன்ல, அதச் சொருகுங்க. இனிமே அந்த லிஸ்டே வராது. நேரா விண்டோஸ்தான். பொலே லா, முடியும், பயப்படாதீங்க."

அவன் சொன்ன பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நீலத் திரை வந்தது. உள்ளே விசிறி இரைந்தது; பிறகு அந்த இரைச்சல் தணிந்து, மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல இழுத்து இழுத்து ஓடியது. நூற்றுக்கு நாற்பது. அங்கேயே வெகுநேரம் நின்றது. மணி நாலு கடந்தது. நாலே கால். சிகரெட் வாடை அடித்தது. எழுந்து போய் ஜன்னலை மூடினாள். வாடை அறைக்குள் இருந்தது.

அவன் கடைசியாகப் பேசியதும் இந்தப் படிப்பைப் பற்றித்தான். இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "என் மக எங்கயும் போவ மாட்டா. நான் இருக்கற வரைக்கும் போவ மாட்டா." மறுநாள் காலையில் குளியலறையில் விழுந்தான்.

நூற்றுக்கு நூறு.

திரையில் ஷர்மினியின் பள்ளிக்கூடப் படம் வந்தது. விண்டோஸ்.

"வந்துருச்சி தம்பி! வந்துருச்சி!"

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல. மகள டீச்சராக்கிட்டு எனக்கு ஒரு பிரியாணி போடுங்க. கடைக்கு ஆளு வந்துட்டாங்க, வைக்கிறேன்கா."

அழைப்பு அறுந்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. கூரையில் இன்னொரு விதை விழுந்தது. இது உருளவில்லை.

பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்ட் புள்ளிகளாகத் தானே நிரம்பியது. மகளின் பெயர், அடையாள அட்டை எண். கீழே இரண்டு பொத்தான்கள். இடப்பக்கம் பச்சையில் 'தெரிமா', ஏற்கிறேன். வலப்பக்கம் சிவப்பில் 'தோலாக்', மறுக்கிறேன். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஒருமுறை அழுத்தினால் மாற்ற முடியாது.

மணி நாலு ஐம்பது.

மௌஸைப் பிடித்துப் பச்சையை நோக்கி நகர்த்தினாள்.

நகரவில்லை.

மௌஸ் மேசையோடு ஒட்டிக்கொண்டதோ என்று பார்த்தாள். ஒட்டவில்லை. நகராதது அவள் கை.

குனிந்து பார்த்தாள். வலது மணிக்கட்டின் மேல்தோலில் நான்கு பள்ளங்கள். வரிசையாக. அடியில் ஒன்று. பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன. சுற்றிலும் தோல் வெளுத்தது.

அவளுக்குத் தெரிந்த பிடி.

"வேணாங்க," என்றாள். "அவ சின்னப் புள்ளதாங்க. நம்ம புள்ள."

கை நகர்ந்தது. வலப்பக்கம். இடது கையால் மேசை விளிம்பைப் பற்றி இழுத்தாள். நாற்காலிதான் பின்னால் போனது. கை போகவில்லை. அம்புக்குறி பச்சையைக் கடந்தது. நடு வெள்ளையைக் கடந்தது. சிவப்பின் மேல் ஏறி நின்றது.

மற்ற விரல்கள் விறைத்து நிமிர்ந்திருந்தன.

ஆள்காட்டி விரல் மட்டும், நகம் வெளுக்க, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.