லண்டனிலிருந்து வந்த தீர்ப்பு

1946 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை 10.20.

அரியலூரில் வக்கீல் பஞ்சநாதனின் ஆபீஸில், ஒன்பது வருஷத்து வழக்கு ஐந்தே நிமிஷத்தில் தோற்றுப்போனது.

"லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்துடுச்சும்மா. நமக்குப் பாதகம்" என்றார் குமாஸ்தா ராசாங்கம். வெளியே நல்ல மழை. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குடையை அக்குளில் இடுக்கியபடியே தோல்பையிலிருந்து ஒரு தபால் கவரையும் டைப் அடித்த காகிதங்களையும் எடுத்தார்.

"இன்னிக்குக் காலைத் தபால்லதான் வந்துச்சு. அஞ்சு நீதிபதிங்க. மூணு பேரு உங்க கொழுந்தன் பக்கம். ரெண்டு பேரு உங்க பக்கம்னு தனியா எழுதியிருக்காங்க. அதை வச்சுத்தான் இளையபெருமாள் இறங்கி வராரு. சாயங்காலத்துக்குள்ள சமாதானமாப் போறதா ராஜிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா ரெண்டு ஏக்கராவது மிஞ்சும்."

எதிரே நின்ற உண்ணாமலை காகிதங்களை வெறித்துப் பார்த்தாள். உடையார்பாளையம் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர். புருஷன் இறந்த மாதமே, "அண்ணனும் நானும் பாகமே பிரிக்கலை, அண்ணன் போனதால நிலம் எனக்குத்தான்" என்று கொழுந்தன் இளையபெருமாள் வழக்குப் போட்டான். திருச்சியில் அவள் தோற்றாள். மெட்ராஸ் ஹைக்கோர்ட்டில் ஜெயித்தாள். அவன் லண்டனுக்கு அப்பீல் போனான்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வழக்கு தெரியும். வாய்தாவுக்கு வாய்தா பஞ்சநாதனைக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறாள். லண்டனில் சாட்சிக் கூண்டு கிடையாது. கறுப்பு அங்கிகூடப் போடாத பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இங்கிருந்து போன அச்சுப் புத்தகத்தை மட்டும் படிப்பார்கள். உத்தரவு போடமாட்டார்கள், ராஜாவுக்கு யோசனை சொல்வார்கள்.

"வக்கீல் ஐயா எங்க?"

"பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போயி மூணு நாளாச்சு. ராத்திரிதான் வருவாரு."

"அந்தக் கவரையாவது குடுங்க. மவகிட்ட காட்டிட்டு மூணரைக்கு வந்துடறேன்."

ராசாங்கம் யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

பகல் 11.45. போலீஸ் ஸ்டேஷன்.

"லண்டன் தீர்ப்பை நான் மாத்த முடியுமாம்மா?" என்று சிரித்தார் சப்-இன்ஸ்பெக்டர் சாமிதுரை.

"மாத்த வேணாங்க. மாத்துனவரைப் புடிங்க."

சிரிப்பு நின்றது. உண்ணாமலை கவரைத் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"பின்னாடி நம்மூரு தபாலாபீஸ் முத்திரை இருக்குதே, என்ன தேதிங்க?"

"பன்னெண்டு."

"இன்னிக்குக் காலைத் தபால்லதான் வந்துச்சுன்னு குமாஸ்தா சொல்றாரு. இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாலு." சாமிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரிஜிஸ்டர் தபாலு. யாரு கையெழுத்துப் போட்டு வாங்கினாங்கன்னு அங்கயே நோட்டுல இருக்கும். தொப்பியை எடுப்பா!" என்று கான்ஸ்டபிளிடம் கை நீட்டினார்.

மாலை 3.30. வக்கீல் ஆபீஸ்.

இளையபெருமாள் புதுத் துண்டு போட்டு வந்திருந்தான். "அண்ணி, பழசை மறந்துடுவோம்" என்று பேனாவை நீட்டினான்.

உண்ணாமலை வாங்கவில்லை. "ஒரு சந்தேகம் தம்பி. குமாஸ்தா, ரெண்டு பேரு என் பக்கம்னு எழுதுனது அந்தத் தீர்ப்புலயேவா?"

"ஆமாம்மா. ஹைக்கோர்ட்டுல ஆளுக்கொரு தீர்ப்பு எழுதறதில்லையா?"

"ஹைக்கோர்ட்டுல எழுதுவாங்க. லண்டன்ல எழுத மாட்டாங்க. ராஜாவுக்குச் சொல்ற யோசனை ஒண்ணாத்தான் இருக்கணும். உள்ள எம்புட்டு சண்டை போட்டாலும் வெளியில ஒரே பேச்சு. இதை வக்கீல் ஐயாகிட்ட ஏழு தடவை கேட்டிருக்கேன். எனக்கு ஆசை காட்ட ரெண்டு நீதிபதியை நீங்களே பிரிச்சுட்டீங்க ராசாங்கம்."

வாசலில் பூட்ஸ் சத்தம். சாமிதுரை உள்ளே வந்தார்.

"திங்கக்கிழமை காலையில கவரை வாங்கினது நீங்க. கையெழுத்து இருக்கு. உண்மையான தீர்ப்பு எங்க?"

"இதுதாங்க வந்துச்சு! வூட்டை வேணும்னாலும் தேடுங்க, ஆபீஸைத் தேடுங்க!"

"எதையும் தேட வேணாங்க" என்றாள் உண்ணாமலை. "காலையில அம்புட்டு மழை. கையில குடையை வச்சுக்கிட்டு ஏன் அப்படி நனைஞ்சு வந்தாரு?"

அறையில் எல்லோரும் ராசாங்கத்தின் அக்குளில் இருந்த குடையைப் பார்த்தார்கள். ராசாங்கம் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சாமிதுரை பிடுங்கி விரித்தார். மெழுகுத்துணியில் சுருட்டிய காகிதங்கள் தரையில் விழுந்து உருண்டன.

ராசாங்கம் சுவரோரம் சரிந்தார். "நிஜத் தீர்ப்பைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மூணு ஏக்கர் எழுதித் தருவேன்னாரு" என்று இளையபெருமாளைக் கைகாட்டினார். இளையபெருமாள் வாசலைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

சாமிதுரை காகிதங்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"பாகம் பிரிஞ்சது நிஜம்னு சொல்லியிருக்காங்கம்மா. அப்பீலைத் தள்ளிடணும்னு மன்னருக்குப் பணிவோட யோசனை சொல்றாங்க."

"யோசனைதானுங்களே. ராஜா கேப்பாரா?"

"கேக்காம இருந்ததா நான் கேள்விப்பட்டதில்லை. நிலம் உங்களுதும்மா."

அவள் அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். ஒன்பது வருஷமாக அடக்கிவைத்த சிரிப்பு, கான்ஸ்டபிளுக்கும் தொற்றிக்கொண்டது.

இரவு 7.10. பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய பஞ்சநாதனைத் தெருவிலேயே மடக்கித் தீர்ப்பைப் படிக்கக் கொடுத்தாள்; அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, அந்த அஞ்சு பெரியவங்களுக்கும் நம்ம காட்டு முந்திரி ஆளுக்கொரு மரக்கால் அனுப்பணும். விலாசம் சொல்லுங்க."

தீர்ப்பைப் படித்து முடித்திருந்த வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம்மா. லஞ்சம்னு ஆயிடும்."

"தீர்ப்புத்தான் சொல்லிட்டாங்களே!"

"அப்பவும் தப்புதான்."

உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்போ ராஜாவுக்கு?"