நாற்பத்துமூன்று விரல்கள்

செண்பகவல்லியின் இசைவியில் விரல் வைக்க அன்று காலை கோவில்பட்டி வீட்டில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள்.

நோயாளியைப் பார்க்க ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிப்போன காலம் மலையேறிவிட்டது. இப்போது விரல்தான் சீர். இசைவி என்பது கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பதித்த, சட்டைப் பொத்தான் அளவுள்ள கருவி. நரம்பு தசையிடம் 'அசை' என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலமாக. அதை வாங்கிக்கொள்ளத் தசையில் ஏற்பிகள் உண்டு. செண்பகவல்லியின் நோயில், உடம்பின் காவல்படையே அந்த ஏற்பிகளைப் பகையென்று நினைத்து அழித்துவிடும். இமை தொங்கும், சோறு இறங்காது, கடைசியில் மூச்சு நிற்கும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இசைவி கட்டிப்போட்டது. மிச்சமிருந்த கொஞ்சம் ஏற்பிகளுக்குச் செய்தி கூடுதல் நேரம் கேட்டது. மூன்று வருஷமாக அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியது அதன் தயவில்தான்.

நோயாளியே ஏற்றிக்கொண்டால் அளவு தப்பும் என்று, நேரிலோ போனிலோ உறவினர் விரல் வைத்தால் மட்டுமே அதன் மருந்தளவு ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. வடிவமைத்தவர்கள் வீட்டுக்கு நான்கு பேர் என்று நினைத்திருந்தார்கள், பாவம். அவர்களுக்குக் கோவில்பட்டியைத் தெரியாது. செண்பகவல்லியின் பதிவில் நாற்பத்துமூன்று பேர். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனாலே ஏழு வருஷம் பேசாதவர்கள், இதில் விட்டால் சும்மா இருப்பார்களா?

போன வாரம் காய்ச்சலில் அவள் கொஞ்சம் தளர்ந்தாள். சேதி பரவியது. வந்தவர்கள் ஆளுக்கொரு புள்ளி வைத்தார்கள். ஓயாமல் தட்டினால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஏற்பிகளும் அதைத்தான் செய்தன. அவள் இன்னும் தளர்ந்தாள், இன்னும் பேர் வந்தார்கள். குறைவால் வரும் தளர்ச்சியும் மிகுதியால் வரும் தளர்ச்சியும் பார்வைக்கு ஒன்றுதான். மிகுதியில் கண்ணீரும் எச்சிலும் வேர்வையும் பெருகும், அவ்வளவே.

"மதினிக்குக் கண்ணு கலங்குது பாருங்க," என்றாள் முத்துலெட்சுமி, கணவன் சங்கரபாண்டியின் தங்கை. "நம்மளையெல்லாம் பார்த்த சந்தோசம்."

செண்பகவல்லி கையைத் தூக்கப் பார்த்தாள். விரல் நுனிதான் அசைந்தது. "போ...தும்."

"போதும்னுதான் சொல்வாங்க. பந்தியிலகூட ரெண்டாவது தடவை வாங்க மாட்டாங்களே. நீங்க வைங்க பெரியம்மா."

பெரியம்மா வைத்தாள். வரிசை நகர்ந்தது. கடைசியில் சங்கரபாண்டியும் வைத்தான். அவனுக்கும் அவள் குணம் தெரியும்.

மத்தியானம் அவள் உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்சில் போகும்போதே அவன் குடும்பக் குழுவில், 'செண்பகத்துக்கு ரொம்ப முடியல' என்று போட்டான்.

டாக்டர் ரெஜினா அவள் கண்ணைத் திறந்து பார்த்தார். கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"யாரு இவ்வளவு ஏத்தினது?"

"எல்லாரும்தான் டாக்டர்."

"இது அவங்க நோய் இல்லைங்க. நீங்க குடுத்தது."

காலையில் அவள் சொன்ன ஒரே வார்த்தை இப்போதுதான் சங்கரபாண்டிக்குக் கேட்டது.

செயற்கைச் சுவாசம் பொருத்தினார்கள். எதிர்மருந்தில் கண்ணீரும் எச்சிலும் நின்றன, தசை திரும்பவில்லை. டாக்டர் புள்ளிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். இறக்க இறக்கத் திரையில் எண் ஏறியது.

"யாரோ போன்லயே விரல் வைக்கிறாங்க. இதயத்தை மெதுவாக்குறதும் இதே அசிட்டைல்கோலின்தான். எதிர்மருந்தையும் மீறித் துடிப்பு நாப்பதுக்கு வந்துடுச்சு."

"தடுக்க முடியாதா? கருவியை எடுத்திட்டா?"

"ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. உறவுக்காரங்க விரலை ஆஸ்பத்திரி தடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நீங்கள்லாம் ஊர்வலம் போய் வாங்கினதுதானே."

போனார்கள்தான். செண்பகவல்லி முன்வரிசையில் அட்டை பிடித்து நடந்தாள்.

அவன் குடும்பக் குழுவில் எழுதினான்: 'யாரும் விரல் வைக்காதீங்க. தயவுசெய்து வேண்டாம்.'

உடனே பதில் வந்தது. 'மாப்பிள்ளை எப்பவும் இப்படித்தான். யாருக்கும் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைப்பாரு. நாங்க இருக்கோம் மாப்பிள்ளை.' அதன் கீழே கும்பிடும் கைகள், வரிசையாக. ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். எல்லார் போனிலும் வேறு அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. விட்டுப்போனவர்களுக்கு அவர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் டாக்டர் ரெஜினா திரையிலிருந்து கையை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, தாளில் நேரத்தைக் குறித்தார்.

முத்துலெட்சுமி படியேறி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கவலைப்படாதண்ணே. துபாய்ல இருந்து தம்பிகூட வச்சிட்டான். நாப்பத்துமூணு பேர்ல ஒருத்தரும் பாக்கி இல்ல."