அப்பியாவின் காது

விடிந்து முதல் மணி. அஃப்ரோடிசியாஸ் நகர மன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சிற்பக்கூடத்தின் கதவை ஆளுநரின் ஆட்கள் தள்ளித் திறந்தார்கள். ஆளுநர் மனைவியின் தலையைச் சலவைக்கல்லில் செதுக்கக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துப்போகக் கழுதை வண்டியோடு வந்திருந்தார்கள்.

தலை பீடத்தில் தயாராக இருந்தது. பீடத்தடியில் மூத்த சிற்பி அட்டாலோஸ் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. மூலையில் மெருகு போடும் அடிமைப் பெண் ஸோசிமே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுத்தியல் அவள் காலடியில் கிடந்தது.

இரண்டாம் மணி. ஊர்க்காவல் அதிகாரி பெரிதாஸ் வந்தான். அதற்குள் அட்டாலோஸின் தம்பி மியோன் தெருவுக்கே கேட்கும்படி கதையைச் சொல்லி முடித்திருந்தான். நேற்று நண்பகலில் கல் பார்க்க மலைக்குப் போனானாம். இப்போதுதான் திரும்பினானாம். கூடத்தில் இருந்தது அண்ணனும் அவளும் மட்டும்தானாம்.

அடிமையின் வாக்குமூலம் வதைக்கட்டையில் வைத்து வாங்கினால்தான் செல்லும். கட்டையை வாசலில் இறக்கிவிட்டார்கள். ஆறாம் மணிக்கு அவளை அதில் கட்டுவார்கள். அதன் பிறகு அவள் எதையும் ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டதும் எரிப்பார்கள்.

பெரிதாஸ் குனிந்து ரத்தத்தைப் பார்த்தான். காய்ந்திருந்தது. அதன்மேல் மாவு சலித்ததுபோல் வெள்ளைக் கல்தூள் படிந்திருந்தது. செத்தவரின் முதுகிலும் அதே தூள். நகக்கண்ணில் மட்டும் துளிகூட இல்லை.

பிறகு தலையைப் பார்த்தான். கூந்தலைத் தடித்த பின்னலாக்கி உச்சியைச் சுற்றிக் கட்டிய, இப்போது ஊரில் எல்லாப் பெண்களும் கட்டுகிற கொண்டை. சின்ன முகம். ஆனால் காது இரண்டும் பெரிதாக, பிடரிப் பக்கம் தள்ளி நின்றன. இரண்டு கண்பாவையும் துளைத்து முடிக்கப்பட்டிருந்தன. ஆழமான, சுத்தமான துளைகள்.

சுவரில் ஒரு மாடம் காலியாக இருந்தது. அதில் வாடிய மாலை மட்டும் கிடந்தது.

"கண்ணு யாரு போட்டது?" என்று மியோனிடம் கேட்டான்.

"அண்ணன்தாங்க. நான் கெளம்பறப்போ கல்லு குருடாத்தான் இருந்துச்சு. சாயங்காலமா முடிச்சிருப்பாரு."

"அதுக்கப்புறம்தான் இவ அடிச்சாளா?"

"ஆமா. வேல முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா, கழுத."

நான்காம் மணி. தலையை ஆளுநர் வீட்டுக்கு வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். பெரிதாஸ் ஸோசிமேயின் முன்னால் உட்கார்ந்தான். உள்ளங்கையை விரிக்கச் சொன்னான். இரண்டு கையிலும், கல்லைத் துளைக்கும் ஊசியைச் சுழற்றுகிற தோல் வார் அறுத்த சிவப்புக் கோடு, புதுசு. அவளிடம் உண்மையைச் சொல் என்றான். உன்னை ஒன்றும் ஆகவிட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தான். அவள் மெதுவாகப் பேசினாள்.

"வாரப் புடிச்சு இழுன்னாரு சின்னவரு. கத்துனா அடுத்து ஒன் கண்ணுதான்னாரு. ஊசிய இங்க வச்சுக் காட்டுனாரு."

அவள் தன் இமையைத் தொட்டாள்.

ஐந்தாம் மணி. தன் ஆட்கள் முன்னால் பெரிதாஸ் மியோனிடம் சொன்னான்.

"ரத்தம் காஞ்ச பெறகு தூள் விழுந்திருக்கு. உங்கண்ணன் செத்ததுக்கு அப்புறம்தான் கண்ணு போட்டிருக்கு. துளையூசிய ஒருத்தரால ஓட்ட முடியாது. ஒருத்தர் ஊசிய நிறுத்தணும், ஒருத்தர் வார இழுக்கணும். இழுத்தது இவ. நிறுத்தத் தெரிஞ்ச கை இந்த வீட்டுல ரெண்டே பேருக்குத்தான். ஒருத்தர் தரையில கெடந்தாரு."

பெரிதாஸ் காலி மாடத்தைக் காட்டினான்.

"மாடத்துல இருந்தது உங்க அண்ணி தலதானே? அப்பியா செத்த வருஷம் அண்ணன் செதுக்கினது. தலைய இன்னிக்கே குடுத்தாகணும், புதுக் கல்லு மலையிலேருந்து எறங்கப் பத்து நாளாகும். அதனால அவங்களத் தேச்சு இன்னொருத்தியாக்கிட்டே. கன்னத்தக் கொறைக்கலாம், கூந்தல மாத்தலாம், காத முன்னால நகர்த்த முடியாதே மியோன். அண்ணன் உள்ள வந்தப்போ அவரு பொண்டாட்டி மூஞ்சி தூளாக் கெடந்திருக்கு."

"கத்துனாரு," என்றான் மியோன். "ஊரக் கூட்டிருவாரு போல இருந்துச்சு. எனக்குக் கண்ணு போடறது மட்டும்தான் பாக்கி." பிறகு மூலையைப் பார்த்துச் சிரித்தான். "அவளையும் எழுதிக்குங்க ஐயா. எசமான் சாகறப்போ அதே கூரைக்குக் கீழ இருந்தா. வாயத் தொறக்கல. அதுக்கு என்ன சட்டம்?"

சட்டம் பெரிதாஸுக்குத் தெரியும். அதற்கும் சாவுதான். அவளிடம் வாக்குக் கொடுத்தபோதும் தெரியும். அவள் வாய் திறந்தால்தான் மியோன் மாட்டுவான் என்று கொடுத்த வாக்கு அது.

ஆறாம் மணி. ஆளுநரிடமிருந்து உத்தரவு வந்தது. தலை ஆளுநர் மனைவிக்குப் பிடித்திருக்கிறது, முக்கியமாகக் கண்கள். தலையைப் பொருத்த உடம்பு இன்னும் செதுக்கவில்லை. ஆகவே மியோன் விலங்கோடு வேலையை முடிக்கட்டும். ஊசிக்கு வார் இழுத்துப் பழகிய அந்தப் பெண்ணும் கூடவே இருக்கட்டும். சிலை முடிந்த அன்று இருவருக்கும் மரண தண்டனை.

வதைக்கட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். பெரிதாஸ் ஸோசிமேயிடம் உத்தரவைச் சொன்னான். அவள் அழவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. சிலையின் மேலாடையில் ஒவ்வொரு மடிப்பையும் துளைத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு மடிப்புக்கு ஒரு பகல் ஆகும்.

"அந்தம்மா மடிப்பு எத்தன கேட்டிருக்காங்க, ஐயா?"

அவனுக்குத் தெரியாது.

"நெறைய," என்றான்.